ஆட்டத்துக்குள் பாடம் எங்கே இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

விளையாட்டு வழிக் கல்வி என்றதும் பலர் புள்ளிகளையும் பதக்கங்களையும்தான் நினைக்கிறார்கள். பாடம் பழையபடியே இருக்கும். முடித்ததும் திரையில் ஒரு நட்சத்திரம் மின்னும். இதை விளையாட்டு என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. ஆட்டத்தில் முன்னேறக் குழந்தை எதைச் செய்கிறதோ, அதுவே பாடமாக இருக்க வேண்டும்.

இதைத் தெளிவாகக் காட்டும் ஓர் ஆய்வை அமெரிக்க உளவியலாளர்கள் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-இல் வெளியிட்டார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த நான்கைந்து வயதுக் குழந்தைகளிடம் ஒரு பலகையைக் கொடுத்தார்கள். ஒரே வரிசையில் பத்துக் கட்டங்கள், 1 முதல் 10 வரை எண்கள். சுழல் வட்டின் முள்ளைச் சுழற்றினால் ஒன்றோ இரண்டோ விழும். நான்காம் கட்டத்தில் காய் நிற்கும்போது இரண்டு விழுந்தால், "ஐந்து, ஆறு" என்று சொல்லிக்கொண்டே நகர்த்த வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். இன்னொரு குழுவுக்கும் அதே மாதிரிப் பலகை. எண்களுக்குப் பதிலாக நிறங்கள்.

சில வாரங்களில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழக் கால் மணி நேரம் ஆடினார்கள். எண் பலகையில் ஆடியவர்கள் எந்த எண் பெரியது என்று சொல்வதிலும், எண்கோட்டில் ஓர் எண்ணின் இடத்தைக் காட்டுவதிலும் முன்னேறியிருந்தார்கள். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. நிறப் பலகைக் குழந்தைகளிடம் அது இல்லை.

கவனியுங்கள், இரண்டு குழுவுமே விளையாடத்தான் செய்தன. ஆனால் எண் பலகையில் எண் பெருகப் பெருகக் காய் கடந்த தொலைவும், வாய் சொன்ன எண்களும், பிடித்த நேரமும் சேர்ந்தே பெருகின. எட்டு என்பது மூன்றைவிட எவ்வளவு பெரியது என்பதைக் கண்ணும் கையும் காதும் ஒருசேர அறிந்தன. பின்னர் பலகையை வட்டமாக்கிப் பார்த்தபோது பயன் குறைந்தது.

100 வரை எண்கள் உள்ள பலகையிலும் இப்படி ஒரு நுட்பம் தெரியவந்தது. ஒவ்வொரு முறையும் "ஒன்று, இரண்டு" என்று புதிதாக எண்ணியவர்களைவிட, கட்டத்தின் எண்ணையே சொல்லி நகர்த்தியவர்கள் அதிகம் கற்றார்கள். பரமபதம் ஆடும்போது நாம் பெரும்பாலும் முதல் வகையில்தான் எண்ணுகிறோம்! 37-இல் நிற்கும் குழந்தைக்கு மூன்று விழுந்தால், "38, 39, 40" என்று சொல்லச் செய்து பாருங்கள். செலவில்லாத மாற்றம் இது.

பரிசைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட மழலையரில் ஒரு பகுதியினரிடம், "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்து, யாரும் கேட்காமல் தானாக வரையும் ஆர்வம் இவர்களிடம்தான் குறைந்திருந்தது. சொல்லாமல் திடீரென்று அதே சான்றிதழைப் பெற்றவர்களுக்கு அந்தக் குறை வரவில்லை. விருப்பமே இல்லாத வேலையைத் தொடங்கிவைக்கப் பரிசு உதவலாம். அதை நான் மறுக்கவில்லை. இருக்கிற ஆசையின்மேல் பேரத்தை ஏற்றுவதுதான் எனக்குக் கவலை.

வகுப்பில் மணியடித்து முதலில் பதில் சொல்லும் போட்டிகளும் எனக்குக் கவலை தருகின்றன. விடை தெரிந்த சிலர் மணியை அடித்துவிடுவார்கள். மற்றவர்கள் யோசிப்பதற்குள் கேள்வி போய்விடும். அதே கேள்விக்கு எல்லோரும் சிறு பலகையில் விடை எழுதி ஒரே நேரத்தில் உயர்த்தட்டும். யாருக்கு எங்கே புரியவில்லை என்பது ஆசிரியருக்கும் உடனே தெரிந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் அந்தச் சிறு பலகைகளை எடுத்துவைக்க அவசரப்படாமல், "இந்த விடையை எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று இரண்டு பேரிடமாவது கேளுங்கள். தவறாக எழுதியவரிடமும் கேளுங்கள். மதிப்பெண் பயம் இல்லாத இடத்தில் அவர் தயங்காமல் சொல்வார்.

நன்றி, வணக்கம்.