22 வருடமாக இந்தியாவை ஜெயிக்காத வங்கதேசம்: அந்தக் கணக்கை முடித்தது யார்?

வணக்கம் மக்களே. டாக்காவில் நடந்த மேட்ச் பற்றிப் பேசச் சொல்லி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். 2025 நவம்பர் 18, வங்கதேசம் 1, இந்தியா 0. 2003-க்குப் பிறகு கால்பந்தில் வங்கதேச ஆண்கள் அணி இந்தியாவை ஜெயித்தது இதுதான் முதல் முறை.

இந்த 22 வருடத்தை நம் ஊரில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: இந்தியா பெரிய அணி, வங்கதேசம் சின்ன அணி, அதனால் ஜெயிக்கவே முடியவில்லை. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒவ்வொரு மேட்ச்சாக எடுத்துப் பாருங்கள், கதையே வேறு மாதிரி இருக்கும்.

முதலில் அந்த 2003. டாக்காவில் தெற்காசியக் கோப்பை, அரையிறுதி. ரொக்கனுஸ்ஸமான் காஞ்சன் வங்கதேசத்துக்கு முதல் கோல் போடுகிறார், அல்விட்டோ டி'குன்யா தூரத்திலிருந்து அடித்து இந்தியாவைச் சமன் செய்கிறார். எக்ஸ்ட்ரா டைம். அப்போது கோல்டன் கோல் விதி உண்டு, யார் முதலில் போடுகிறார்களோ அங்கேயே ஆட்டம் முடிந்தது. மதியுர் ரஹ்மான் முன்னா போட்டார், முடிந்தது. இறுதிப் போட்டியில் மாலத்தீவை பெனால்டியில் வென்று கோப்பையும் எடுத்தார்கள். இன்றுவரை அவர்கள் ஆண்கள் அணிக்கு இருக்கும் ஒரே தெற்காசியக் கோப்பை அதுதான்.

அதற்கப்புறம் வறட்சி. 2005-ல் கராச்சியில் நடந்த இறுதிப் போட்டியில் இந்தியா 2-0. 2009-ல் டாக்காவிலேயே அரையிறுதி, இந்தியா அனுப்பியது 23 வயதுக்குட்பட்டோர் அணி, அதுவும் 1-0 என்று ஜெயித்துவிட்டுப் போனது. சொந்த ஊரில், பையன்கள் அணியிடம். அது வலித்திருக்கும், மறுக்கவில்லை. இந்தக் காலகட்டம் வரை "இந்தியா பெரிய அணி" என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் 2013-லிருந்து பாருங்கள். காத்மாண்டுவில் தெற்காசியக் கோப்பை, வங்கதேசம் 1-0 முன்னிலை, ஆட்டம் இன்ஜுரி டைமுக்குப் போய்விட்டது. ஒரு ஃப்ரீ கிக். இந்திய ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரி அடிக்கிறார், கோல். 1-1. அடுத்த வருடம் கோவாவில் நட்புப் போட்டி. வங்கதேசம் 2-1 முன்னிலை, மறுபடியும் இன்ஜுரி டைம், மறுபடியும் சேத்ரி. 2-2.

2019 கொல்கத்தா சால்ட் லேக்தான் இந்தப் பட்டியலிலேயே எனக்குப் பிடித்த மேட்ச். இந்தியா அப்போதுதான் ஆசிய சாம்பியன் கத்தாரை அவர்கள் ஊரிலேயே 0-0 என்று நிறுத்திவிட்டு வந்திருந்தது. மைதானம் முழுக்கக் கூட்டம். அங்கே வங்கதேசக் கேப்டன் ஜமால் பூயான் ஒரு ஃப்ரீ கிக் போடுகிறார். கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து வெளியே வந்து பந்தைத் தவறவிடுகிறார், தூரத்துப் போஸ்ட் பக்கம் சாத் உத்தீன் தலையால் முட்டி உள்ளே தள்ளுகிறார். சால்ட் லேக்கே வாயடைத்துப் போனது. இரண்டாவது பாதியில் வங்கதேசத்துக்கு இன்னொரு வாய்ப்பு, பந்து கோல் கோட்டைத் தாண்டப் போகிறது, டிஃபெண்டர் ஆதில் கான் கோட்டிலிருந்து எடுத்துவிடுகிறார். அதே ஆதில் கான்தான் 88-வது நிமிடத்தில் கார்னரை முட்டி 1-1 ஆக்கினார். அன்று ஒரு தனி மனிதர் இரண்டு பக்கமும் ஓடி அந்தக் கணக்கைக் காப்பாற்றிக் கொடுத்தார்.

2021 தோஹாவில் 79 நிமிடம் வரை 0-0. சேத்ரி ஒன்று, இன்ஜுரி டைமில் இன்னொன்று, 2-0. அந்த இரண்டு கோலில்தான் சர்வதேச கோல் எண்ணிக்கையில் சேத்ரி மெஸ்ஸியைத் தாண்டினார் என்று உங்கள் வாட்ஸ்அப்பில் எல்லாம் வந்திருக்குமே, அந்த மேட்ச்தான். அதே வருடம் மாலேயில் சேத்ரி கோல் போட்டு இந்தியா முன்னிலை, வங்கதேசம் சிவப்பு அட்டை வாங்கி 10 பேராக ஆடுகிறது, இருந்தும் யாசின் அராபத் முட்டி 1-1 ஆக்கிவிட்டார்.

இப்போது எண்ணிப் பாருங்கள். 2013, 2014, 2019 மூன்றிலும் ஆட்டம் முடியும் தறுவாயில் வங்கதேசம்தான் முன்னிலை. இதை எப்படிப் பெரிய அணி சின்ன அணிக் கணக்கு என்று சொல்வது? அவர்களால் 85 நிமிடம் இந்தியாவை அடக்க முடிந்தது, கடைசி ஐந்து நிமிடம்தான் கைக்கு வரவில்லை. எதிரே பெரும்பாலும் ஒரே ஆள் நின்றார். 22 வருடச் சாதனை என்று நாம் கொண்டாடியதில் பாதி சேத்ரி என்ற ஒரு மனிதரின் பிடிவாதம்.

அந்தக் கடைசி நிமிட வியாதி வங்கதேசத்துக்கு 2025-லும் போகவில்லை. அக்டோபரில் டாக்காவில் ஹாங்காங்குடன் ஆடியதை யாராவது பார்த்தீர்களா? இன்ஜுரி டைமில் ஷமித் ஷோம் முட்டி 3-3 ஆக்குகிறார், மைதானமே குதிக்கிறது, அதே இன்ஜுரி டைமில் ஹாங்காங் இன்னொன்று போட்டு 4-3. தலையில் கை வைக்க வேண்டியதுதான். இந்தியா மேட்ச்சுக்கு ஐந்து நாள் முன்னால் நேபாளத்துடன் ஹம்சா சௌத்ரி இரண்டு கோல் போட்டார், ஒன்று பைசைக்கிள் கிக். அதிலும் கடைசியில் கோல் வாங்கி 2-2.

ஹம்சாவைத் தெரியாதவர்களுக்கு: லெஸ்டர் சிட்டி ஆள், இங்கிலாந்து 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடியவர், அம்மா வங்கதேசத்துக்காரர். 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் இந்தியாவுக்கு எதிராகத்தான் வங்கதேசத்துக்காக முதல் மேட்ச் ஆடினார். ஓய்வு பெற்றிருந்த சேத்ரியை மறுபடி கூட்டி வந்த சமயம் அது. ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே நம் கோல்கீப்பர் விஷால் கைத் பந்தை நேராக எதிராளியின் காலுக்குக் கொடுத்தார், நல்ல வேளை அது வெளி வலையில் பட்டது. 0-0. பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸ் கொதித்துப் போயிருந்தார்.

சரி, நவம்பர் 18-க்கு வருவோம். இரண்டு அணியும் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து ஏற்கெனவே வெளியே போயாகிவிட்டது. இந்தியா கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 தோற்ற அன்றே நம் கதை முடிந்தது. ஆக, புள்ளிப் பட்டியலைப் பொறுத்தவரை இது ஒப்புக்கு நடந்த மேட்ச். தரவரிசையில் இந்தியா 136, வங்கதேசம் 183. ஆனால் டாக்கா மைதானத்தைப் பார்த்தால் ஒப்புக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே இந்தியா மேட்ச் என்றாலே தனி வெறிதான்.

11-வது நிமிடம். ராகிப் ஹொசைன் ஓரத்தில் வேகமெடுத்துப் போய் பந்தைக் குறுக்கே தாழ்வாகப் போடுகிறார், ஷேக் மோர்சலின் முந்திக்கொண்டு வந்து தட்டிவிடுகிறார். கோலில் நின்றவர் யார் தெரியுமா? 2019-ல் நின்ற அதே குர்பிரீத். அப்புறம் அரை மணி நேரம் போல ஆனபோது வங்கதேசக் கோல்கீப்பர் மிதுல் மர்மா வெளியே வந்து சொதப்புகிறார், காலி கோலைப் பார்த்து லாலியன்சுவாலா சாங்டே அடிக்கிறார், எங்கிருந்தோ ஹம்சா வந்து தலையைக் கொடுத்து எடுத்துவிடுகிறார். சால்ட் லேக்கில் ஆதில் கான் செய்த அதே வேலையை, இந்த முறை எதிர்ப்பக்க ஆள் செய்தார். அதை ஸ்லோ மோஷனில் பாருங்கள், பந்து எங்கே விழும் என்று சாங்டே அடிப்பதற்கு முன்பே கணித்துவிட்டு ஓடுகிறார் மனிதர்.

இரண்டாவது பாதி முழுக்க இந்தியா பந்தை வைத்துக்கொண்டு சுற்றியது, வங்கதேசம் பின்னால் போய் அடைத்துக்கொண்டது. 80 தாண்டியதும் கேலரியில் இருந்த முகங்களைக் கேமரா காட்டியது. நகம் கடிக்கிறார்கள், கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். அவர்களுக்குப் பழைய கணக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் இந்த முறை சேத்ரி இல்லை, சில நாள் முன்புதான் மறுபடி சர்வதேச ஓய்வு என்று சொல்லியிருந்தார். விசில் அடித்தது. முடிந்தது.

இந்தியப் பயிற்சியாளர் காலித் ஜமீலை மட்டும் திட்டி கமென்ட் போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. அவர் பொறுப்புக்கு வந்ததே ஆகஸ்டில்தான். 2013-லேயே கடைசி நிமிடத்தில் காப்பாற்ற ஒரே ஆள்தான் இருந்தார், 12 வருடம் கழித்தும் அவருக்கு மாற்று வளர்க்கவில்லை, ஓய்வு பெற்றவரைத் திரும்பக் கூப்பிட்டோம். அது யார் வேலை என்று இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பிடம்தான் கேட்க வேண்டும்.

வெளிநாட்டில் பிறந்தவர்களை வைத்து வங்கதேசம் ஜெயித்துவிட்டது என்று ஒரு புலம்பலும் ஓடுகிறது. ஜமால் டென்மார்க், ஷமித் கனடா, உண்மைதான். ஆனால் கோல் போட்ட மோர்சலினும் கொடுத்த ராகிப்பும் உள்ளூர்ப் பையன்கள். நம் சட்டத்தில் இந்தியக் குடியுரிமை இல்லாமல் ஆட முடியாது, அதற்காக ஆஸ்திரேலியக் குடியுரிமையையே விட்டுவிட்டு வந்த ரயான் வில்லியம்ஸ் டாக்கா வரை போயும் அனுமதிக் காகிதம் வராததால் ஆட முடியவில்லை. அதற்கு வங்கதேசமா பொறுப்பு?

பெண்கள் அணி பற்றித் தனி வீடியோ போடுகிறேன். 2022-ல் காத்மாண்டுவில் வங்கதேசப் பெண்கள் இந்தியாவை 3-0 அடித்துக் கோப்பையும் எடுத்தார்கள், ஆண்களுக்கு மூன்று வருடம் முன்பே.

அதுவரைக்கும், 2019 சால்ட் லேக் மேட்ச்சை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சாத் உத்தீன் கோல் விழுந்தபோது எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். அடுத்த வாரம் பார்க்கலாம்.