பதவிக்கு விலை: கார்டிகன் பிரபுவின் கதை

வணக்கம், நேயர்களே.

குளிருக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த கம்பளிச் சட்டை போடுகிறோம், கார்டிகன் என்கிறோம். அது ஒரு குதிரைப்படை அதிகாரியின் பெயர். ஏழாவது கார்டிகன் பிரபு, ஜேம்ஸ் புருடனெல். 1797இல் பிறந்தவர். நார்த்தாம்டன்ஷயரில் டீன் பார்க் என்ற பரம்பரை மாளிகை. ஏழு பெண்களோடு பிறந்த ஒரே ஆண்பிள்ளை. வீட்டில் என்ன செல்லம் இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1824இல் கார்னெட், அதாவது குதிரைப்படையின் கடைசிப் படி அதிகாரி. 1830 முடிவதற்குள் லெப்டினன்ட் கர்னல்! இடையில் ஒரு போரைக்கூடப் பார்த்ததில்லை. பணம்தான். இதை நிதானமாகச் சொல்கிறேன், இது புரிந்தால்தான் ஆளும் புரிவார்.

அன்றைய பிரிட்டிஷ் படையில் பதவிகள் விற்பனைக்கு. ஒளிவுமறைவு இல்லை, அரசே விலைப்பட்டியல் போட்டிருந்தது. குதிரைப்படையில் கார்னெட் 840 பவுன், லெப்டினன்ட் 1,190, கேப்டன் 3,225, மேஜர் 4,575, லெப்டினன்ட் கர்னல் 6,175. மேலே ஏற முழு விலை வேண்டாம், கையிலுள்ள பதவியை விற்று மிச்சத்தைப் போட்டால் போதும். கேப்டன் மேஜராக 1,350 பவுன். விலகும்போது போட்டது திரும்ப வரும், கடைக்குக் கொடுத்த பகடி மாதிரி. ஆனால் போரில் செத்தால் பொதுவாக அந்த முதல் போனதுதான். காலியான இடம் அடுத்தவருக்கு இலவசம். பீரங்கிப் படையிலும் பொறியாளர் படையிலும் இந்த வியாபாரம் கிடையாது. அங்கே கணக்குத் தெரியாதவனை உட்காரவைத்தால் என்ன ஆகும், பாருங்கள்!

நிலம் வாங்கியவர்களுக்குத் தெரியும், வழிகாட்டி மதிப்பு ஒன்று, கைமாறும் தொகை வேறு. இங்கும் அப்படித்தான். 1832இல் 15ஆம் ஹுஸார்ஸ் படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்க இவர் 35,000 முதல் 40,000 பவுன் வரை கொடுத்ததாகப் பேச்சு. நம் நகைக்கடையில் எட்டு கிராமைப் பவுன் என்கிறோமே, அது அந்த ஒரு பவுன் நாணயத்தின் எடைதான். 40,000 என்றால் சுமார் 320 கிலோ தங்க நாணயம்!

அவ்வளவும் கொட்டி வாங்கியது இரண்டே வருடத்தில் போயிற்று. ஒரு கேப்டன்மேல் இவர் சுமத்திய குற்றம் ராணுவ நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 1834இல் இவரையே நீக்கினார்கள். ஆனால் 1836இல் 11ஆம் லைட் டிராகூன்ஸ் கைக்கு வந்தது. அந்தப் படை இந்தியாவில் பல வருடம் இருந்தது. அங்கே இருந்து வேலை தெரிந்த பிரிட்டிஷ் அதிகாரிகளை இவர் 'இந்திய அதிகாரிகள்' என்று மட்டம் தட்டினார்.

அந்தப் படையில் முன்பு இருந்த கேப்டன் டக்கெட் பத்திரிகையில் இவரைத் தாக்கி எழுத, 1840 செப்டம்பர் 12, விம்பிள்டன் திடலில் கைத்துப்பாக்கிச் சண்டை. முதல் சூடு இருவருக்கும் தவறியது. இரண்டாவதில் டக்கெட்டுக்குக் காயம். பக்கத்துக் காற்றாலைக்காரர் ஊர்க் காவலரும்கூட, வந்து பிடித்துவிட்டார். பிரபு என்பதால் விசாரணை பிரபுக்கள் சபையில். குற்றப்பத்திரிகையில் இருந்தது 'ஹார்வி கார்னெட் ஃபிப்ஸ் டக்கெட்' (இந்தக் கார்னெட் பதவியல்ல, பெயர்). சாட்சியமாக வந்த முகவரி அட்டையிலோ 'கேப்டன் ஹார்வி டக்கெட்' மட்டும். இருவரும் ஒரே ஆள்தான் என்று அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை! நம்மூரில் இனிஷியல் மாறினால் பத்திரம் நிற்காதே, அதே சங்கதி. பிரபுக்கள் வரிசையாக எழுந்து "குற்றமில்லை, என் கௌரவத்தின்மேல் ஆணை" என்றார்கள். கிளீவ்லண்ட் கோமகன் மட்டும் "சட்டப்படி" என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு சொல் போதாதா?

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. கிரிமியப் போரில் ரஷ்யர்களோடு பாலகிளாவாவில் நடந்த சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1854 அக்டோபர் 25. பிரிட்டிஷ் படைத்தலைவர் ராக்லன் பிரபுவின் தெளிவில்லாத உத்தரவைக் கேப்டன் நோலன் கொண்டுவந்தார். வாங்கியவர் குதிரைப்படைத் தலைவர் லூக்கன் பிரபு. கார்டிகனின் தங்கை கணவர், இருவருக்கும் முகம்கொடுத்துப் பேச்சில்லை. எதிரே ரஷ்யப் பீரங்கிகள் என்றார் கார்டிகன், தெரியும் என்றார் மைத்துனர், அவ்வளவுதான் பேச்சு. சுமார் 670 பேர் பாய்ந்தார்கள், 110 பேர் அளவில் இறந்தார்கள். முன்னால் போன கார்டிகன் முழுசாகத் திரும்பி, துறைமுகத்தில் நின்ற சொந்தப் படகுக்குப் போனார்.

1868இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். வாரிசில்லை, பட்டம் உறவினரான எய்ல்ஸ்பரி பிரபுவுக்குப் போனது. 1871இல் பதவி விற்பனை ஒழிந்தபோது அரசு அதிகாரிகளுக்கு நஷ்டஈடு கொடுத்தது. பட்டியல் விலைக்கு மட்டுமல்ல, சட்டத்துக்குப் புறம்பாகக் கொடுத்த கூடுதல் தொகைக்கும் சேர்த்து.

வணக்கம்.