சுவர் இருந்தால்தான் சித்திரம்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, தமிழ்ப் பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, காலையிலிருந்து அடுப்படியில் நின்றுவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கும் சமையல் குழு நண்பர்களே, பெற்றோர்களே, பிள்ளைகளே, வணக்கம். போன ஆண்டு பேசவைத்ததோடு விடாமல் மறுபடியும் அழைத்த தலைவருக்குத் தனி நன்றி.

ஓவியம், சினிமா இரண்டும் அமெரிக்காவை எப்படிக் காட்டுகின்றன என்று பேசப் போகிறேன். முதலில் ஓவியம். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். அந்தச் சுவர் யாருடையது என்பதுதான் என் கேள்வி.

நம் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் கிராண்ட் வுட் 1930இல் வரைந்த 'அமெரிக்கன் கோதிக்' இருக்கிறது. வைக்கோல் வாரும் முள்ளைப் பிடித்த பெரியவர், பக்கத்தில் ஒரு பெண், பின்னால் கூர் ஜன்னல் வைத்த வீடு. ஊரிலிருந்து வந்த என் மாமனாரை அங்கே கூட்டிப்போனேன். நாற்பது வருடம் நெல் போட்டவர். வேறு படங்களை எல்லாம் நடந்துகொண்டே பார்த்தவர், இதன் முன்னால் நின்றுவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கிறார், பார்க்கிறார், நகரவே இல்லை. கடைசியில், "மாப்பிள்ளை, இவர் சம்சாரி இல்லை. கோட்டு போட்டுக்கிட்டு எவன் வைக்கோல் வாருவான்? முள்ளை இப்படி மேலே தூக்கிப் பிடிச்சா பக்கத்து ஆள் கண்ணு என்னாகும்?" என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். மாமனார் சொன்னது சரி! படத்தில் இருக்கும் பெரியவர் ஓவியரின் பல் டாக்டர். அந்தப் பெண் ஓவியரின் தங்கை, நான் வுட் கிரகாம் என்று பெயர். இருவரும் சேர்ந்து நிற்கக்கூட இல்லை, தனித்தனியாகத்தான் நின்று கொடுத்தார்கள். வீடு அயோவாவில் எல்டன் என்கிற சிற்றூரில் இருக்கிறது. மூன்றும் ஒன்றுசேர்ந்தது அந்த அட்டையில் மட்டும்தான். நிஜ அயோவா விவசாயிகள் இதைப் பார்த்துக் கோபப்பட்டார்கள். ஆனாலும் உலகத்துக்கு அமெரிக்க விவசாயி என்றால் அந்தப் பல் டாக்டர்தான்.

சினிமாவும் அப்படித்தான். இயக்குநர் ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' 1956இல் வந்தது. கதை டெக்சஸில், படம் பிடித்தது அரிசோனா, யூட்டா எல்லையில் இருக்கும் மான்யுமென்ட் பள்ளத்தாக்கில். கொமாஞ்சி என்கிற பழங்குடி மக்களாகப் பலர் வருகிறார்களே, அவர்கள் நவஹோ என்கிற வேறொரு பழங்குடி மக்கள்.

சரி, தன் கதையைத் தானே வரைந்தவர் இல்லையா? கறுப்பின ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ் இருக்கிறார். தெற்கிலிருந்து வடக்கே போன கறுப்பின மக்களின் கதையை 1940–41இல் 60 படங்களாக வரைந்தார். அவர் பெற்றோரும் தெற்கிலிருந்து வந்தவர்கள்தான். அறுபது பலகைகளையும் பரப்பிவைத்து, ஒரு நிறத்தை எல்லாவற்றிலும் தீட்டிவிட்டுத்தான் அடுத்த நிறத்தைத் தொட்டார். முதல் படத்தில் சிகாகோ, நியூயார்க், செயின்ட் லூயிஸ் என்று மூன்று வாசல்கள், முண்டியடிக்கும் கூட்டம். அவர் ஓவியம் பழகியது நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில், பிள்ளைகளுக்காக நடந்த வகுப்பில். இந்தக் கதைக்காகப் படித்தது 135ஆம் தெரு நூலகத்தில். அவருக்கு அந்தச் சுவர் இருந்தது.

நமக்கு? போன மாதம் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் பாட்டி ஓஹேர் விமான நிலையத்தில் நிற்பதை வரைந்தாள். பெட்டியைச் சுற்றி மஞ்சள் கயிறு, மேலே கொட்டை எழுத்தில் பெயர். நம்மை வரைந்தவள் அவள்தான். ஐந்து மணிக்கு அதையும் கழற்றினோம். வாடகை வகுப்பறை, நாம் ஆணி அடிக்க முடியாது. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நான் சொல்வது இதற்குத்தான். தலைவர் அவர்களே, சொந்தக் கட்டட நிதியை இந்த ஆண்டே தொடங்குங்கள், முதல் காசோலை என்னுடையது. அதுவரை பிள்ளைகள் வரைய 60 அட்டைகள் வாங்கி வண்டியில் வைத்திருக்கிறேன். வாசலுக்கு இரண்டு பேர் வந்தால் இறக்கிவிடலாம். நன்றி, வணக்கம்.