அப்பாட வீடு

வணக்கம் நேயர்களே.

திருகோணமலையில் ஒரு பெண்பிள்ளை பிறந்தால், அவளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டுமே என்ற கவலை பல பெற்றோருக்கு அன்றைக்கே தொடங்கிவிடுகிறது. சீதன வீட்டை மகளின் பெயரில் எழுதுவதும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பதும் கிழக்கில் நெடுநாளைய வழக்கம். இதைக் காட்டி, எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு உரிமை அதிகம் என்று பெருமை பேசுவோர் உண்டு. ஆனால் அந்த வீட்டை ஈடு வைப்பதா, விற்பதா என்ற பேச்சு நடக்கும் விறாந்தையில் அவளுக்குக் கதிரை இல்லை. நொத்தாரிசுக்கு முன்னால் கையொப்பமிட மட்டுமே அவளை அழைக்கிறார்கள்.

இதற்குச் சட்டத்தை முழுதாகக் குறை சொல்லவும் முடியாது. மணமான பெண்களின் ஆதனம் பற்றி 1923இல் வந்த கட்டளைச் சட்டம், பொதுச் சட்டத்தின் கீழ் வரும் பெண் கணவரின் சம்மதமின்றியே தன் சொத்தை விற்கவும் கொடுக்கவும் இடமளித்தது. (வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணுக்கோ, காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்.) அதே 1923இல்தான் எங்கள் நகரில் தங்கம்மா சண்முகம்பிள்ளை பெண்களுக்கென்று பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். சட்டமும் கல்வியும் வந்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது.

ஆசிரியையாக நான் கண்டதைச் சொல்கிறேன். உயர்தரம் படிக்கும் அக்கா மாலை ரியூசன் முடிந்து வருவதற்கு, ஒன்பதாம் வகுப்புத் தம்பி சைக்கிளில் காவலுக்குப் போகிறான். அவளைவிட நான்கு வயது இளையவன் அவன். அவனுக்குக் காய்ச்சல் என்றால் அவளுடைய வகுப்பும் நின்றுவிடும். வங்கிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அப்பா அவனைத்தான் கூட்டிச் செல்கிறார். படிவம் நிரப்புவது, உத்தியோகத்தரிடம் பேசுவது, காணியின் எல்லை எது என்று அறிவது எல்லாம் அவனுக்குப் பழகிப்போகின்றன. அவளோ சான்றிதழ்களைச் சேர்க்கிறாள். இப்படி வளர்ந்தவளிடம் இருபத்தைந்து வயதில் வீட்டு உறுதிப் பத்திரத்தை நீட்டினால், அதை அவள் கணவரின் கையில் கொடுப்பதில் வியப்பென்ன?

அரசும் இந்த வழியிலேயே நடந்திருக்கிறது. கந்தளாய், அல்லை போன்ற குடியேற்றத் திட்டங்களின் காணிகளை ஆளும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, வாழ்க்கைத் துணையும் பெயர் குறிக்கப்பட்ட உரித்தாளரும் இல்லாதவிடத்து, மூத்த மகள் இருந்தாலும் இளைய மகனுக்கே காணி போய்ச் சேர்ந்தது. 2022இல்தான் அந்த வரிசை திருத்தப்பட்டது.

இதைக் கற்பிப்பவர்கள் ஆண்கள் மட்டுமல்லர் என்பதையும் கூச்சத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். தன் பெயரில் உறுதி வைத்திருக்கும் தாய்தான், கூரைத் தகரம் மாற்றுவதற்குக்கூட, “அவரிட்டக் கேட்டுச் சொல்லுறன்” என்கிறாள். மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். வகுப்பில் ஒரு நாள், நீங்கள் இருப்பது யாருடைய வீடு என்று மாணவிகளிடம் கேட்டேன். அம்மாவின் சீதன வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளும் தயங்காமல் சொன்ன பதில், “அப்பாட வீடு, டீச்சர்.”