படூக்கா குயில்ட் கண்காட்சி: பாதி நாளை ஊருக்குக் கொடுங்கள்

வணக்கம் நண்பர்களே. கென்டக்கி மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் படூக்காவில், ஏப்ரல் மாதக் குயில்ட் கண்காட்சியைப் பார்த்துவிட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறேன். குயில்ட் என்றால் மேல்துணி, நடுவில் பஞ்சு, பின்துணி என்ற மூன்று அடுக்குகளைச் சேர்த்துத் தைத்த போர்வை. இந்தச் சேனலைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு என் வழக்கம் தெரியும். முதல் நாளில் விற்பனைக் கூடத்தின் பக்கமே போக மாட்டேன்; நண்பகலுக்குப் பிறகு கண்காட்சிக் கூடத்தில் நிற்கவும் மாட்டேன். அவ்வளவு தூரம் பயணம் செய்துவிட்டு ஏன் பாதி நாளிலேயே வெளியே வருகிறீர்கள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அதற்கான பதிலை இந்தக் காணொளியில் விரிவாகவே சொல்லப்போகிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் அறை வாடகையைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கண்காட்சித் தேதி வெளியான உடனேயே ஒரு விடுதியில் ஓர் இரவுக்கு 119 டாலர் என்ற கணக்கில் அறை பதிவு செய்து, அதற்கான உறுதிக் கடிதத்தையும் வாங்கி வைத்திருந்தேன். பயணத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது, கணினிக் கோளாறு காரணமாகப் பதிவு ரத்தாகிவிட்டது என்று அந்த விடுதியிலிருந்து ஒரே ஒரு வரியில் மின்னஞ்சல் வந்தது. அன்று மாலையே அதே விடுதியின் தளத்தில், அதே வகை அறை, அதே நாட்களுக்கு 338 டாலருக்கு விற்பனைக்கு இருந்தது. தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, விலையைத் தாங்கள் நிர்ணயிப்பதில்லை, கணினியே நிர்ணயிக்கிறது என்றார்கள். கையில் உறுதிக் கடிதம் வைத்திருக்கும் ஒருவரிடம் சொல்லும் பதிலா இது? ஏறத்தாழ 27,000 பேர் வாழும் ஊருக்குள் ஒரே வாரத்தில் கண்காட்சிக்காக ஏராளமான ஆட்கள் வந்து இறங்கும்போது வாடகை உயரத்தான் செய்யும்; அதில் எனக்கு வழக்கில்லை. ஒப்புக்கொண்ட விலையைக் கைகழுவுவது வேறு, அதை என்னால் ஏற்கவே முடியாது.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதில்தான் எனக்குப் பெருமகிழ்ச்சி. ஊருக்குள் தேடுவதை விட்டுவிட்டு, கிழக்கே அரை மணி நேரத் தொலைவில் கென்டக்கி ஏரியின் கரையிலுள்ள ஒரு மாநிலப் பூங்கா விடுதியை அழைத்தேன். யாரோ ரத்து செய்த அறை ஒன்று 134 டாலருக்கு இருந்தது. அறைக் கதவைத் திறந்தால் ஏரி. காலையில் கூடத்துக்குப் போகும் சாலையில் நெரிசல் என்ற பேச்சே இல்லை. ஆகவே, கண்காட்சி நடக்கும் ஊருக்குள்தான் தங்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடுங்கள். சுற்றுவட்டாரத்தில் மாநிலப் பூங்காக்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். விடுதித் தொகுப்புத் தளங்களில் அவை பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை, நேரடியாக அழைத்தால்தான் அறை கிடைக்கும்.

வழியைச் சொல்லாமல் தாண்டி வந்துவிட்டேன். விமானத்தில் வருபவர்கள் நாஷ்வில்லில் இறங்கினால் அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். லூயிவில்லிலிருந்து வருபவர்கள் கடிகாரத்தைக் கவனியுங்கள்: லூயிவில் கிழக்கு நேரத்திலும் படூக்கா மத்திய நேரத்திலும் இருப்பதால் வரும்போது ஒரு மணி நேரம் லாபம், திரும்பும்போது அதே ஒரு மணி நேரம் நஷ்டம்.

இனி கண்காட்சிக்கு வருகிறேன். கூடம் ஒஹையோ ஆற்றங்கரையை ஒட்டியே இருக்கிறது. கதவு திறக்கும் நேரத்தில் உள்ளே நுழைந்து நேராகப் போட்டிக் குயில்ட்டுகளிடம் போய்விடுங்கள். முதல் இரண்டு மணி நேரம் வரை கண் புத்துணர்ச்சியோடு இருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு குயில்ட்டும் அடுத்ததில் கரைந்துவிடும். எனக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்பதில் மறைக்க ஒன்றுமில்லை. கணினி வழிநடத்தும் லாங் ஆர்ம் என்ற பெரிய குயில்ட் தையல் இயந்திரத்தில், மேல்துணியில் என்ன வடிவம் இருக்கிறது என்பதைப் பற்றிய கவலையே இல்லாமல் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே சுருள் வடிவத்தை ஓட்டிவிடும் வேலை எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை. அதே இயந்திரத்தைக் கையால் செலுத்தி, ஒவ்வொரு பிளாக்குக்கும், அதாவது மேல்துணியின் ஒவ்வொரு கட்டத்துக்கும், ஏற்றவாறு கோட்டை மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வேலைக்கு முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பேன். கையால் தைத்த குயில்ட்டுகள் தொங்கும் வரிசை எனக்கு எப்போதும் முதலிடம்.

இப்போது வெள்ளைக் கையுறை விஷயம். கை எண்ணெயும் ஈரமும் துணியைக் கெடுத்துவிடும் என்பதால் பார்வையாளர்கள் எதையும் தொடக் கூடாது. ஆனால் ஒவ்வொரு வரிசையிலும் வெள்ளைக் கையுறை அணிந்த தன்னார்வலர்கள் நிற்பார்கள். அவர்களிடம் பின்பக்கத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டால், குயில்ட்டின் ஓரத்தைப் பிடித்து மெதுவாகத் திருப்பிக் காட்டுவார்கள். அதற்காகத்தான் அவர்கள் அங்கே நிற்கிறார்கள், இருந்தும் கேட்பவர்கள் குறைவு. எனக்கு ஒரு பெரியம்மா திருப்பிக் காட்டியது, வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் முழுக்கக் கையாலேயே தைக்கப்பட்ட ஒன்று. முன்பக்கத்தில் இறகு வளையங்கள் தெரிந்தன. பின்பக்கத்திலும் அதே இறகுகள், அதே நீளத் தையல்கள், எங்கும் ஒரு முடிச்சுகூட இல்லை. கையால் தைப்பவர்கள் முடிச்சைத் துணிக்கு வெளியே விடுவதில்லை. சின்னதாக ஒரு சுண்டு சுண்டி, மேல்துணியைக் கடக்கவைத்து, நடுவிலுள்ள பேட்டிங் பஞ்சுக்குள் புதைத்துவிடுவார்கள். ஒரு கோடு முடிந்து அடுத்த கோடு வேறோர் இடத்தில் தொடங்க வேண்டுமென்றால், ஊசியைப் பஞ்சுக்குள்ளேயே நடத்திக்கொண்டு போவார்கள். முன்பக்கம் மட்டும் பார்த்தால் இந்த உழைப்பில் பாதி தெரியாமலே போய்விடும். இயந்திர வேலையிலும் அப்படித்தான்: நூலின் இழுவிசை (டென்ஷன்) சரியாக இல்லையென்றால் வளைவுகளில் மேல்நூல் கீழே இழுபட்டுப் பின்பக்கத்தில் புள்ளி புள்ளியாக எட்டிப்பார்க்கும். நான் பார்த்த பரிசுக் குயில்ட்டுகளில் அப்படி ஒரு புள்ளிகூட இல்லை.

அந்தக் குயில்ட்டை நான் ஏன் இங்கே காட்டவில்லை என்று நினைக்கலாம். வடிவமைப்பு அதைத் தைத்தவருக்குச் சொந்தம்; சொந்தப் பார்வைக்குப் படம் எடுப்பது வேறு, பலர் பார்க்கும் காணொளியில் போடுவது வேறு. அனுமதி வாங்காமல் யாருடைய வேலையையும் இந்தச் சேனலில் முழுதாகக் காட்ட மாட்டேன்.

நண்பகலில் வெளியே வந்தேன். ஆற்றங்கரைக்கு நடந்தால் சில நிமிடங்களில் வெள்ளத் தடுப்புச் சுவர் வந்துவிடுகிறது. டென்னசி ஆறு ஒஹையோவில் கலக்கும் இடம் இது. 1937 ஜனவரியில் வந்த பெருவெள்ளம் ஊரையே மூழ்கடித்தது, அதன் விளைவாகத்தான் இந்தச் சுவரே எழுந்தது. 1996 முதல் ராபர்ட் டஃபோர்ட் என்ற ஓவியரும் அவருடைய குழுவினரும் இதன் மேல் ஊரின் வரலாற்றை வரைந்திருக்கிறார்கள். 50-க்கும் மேற்பட்ட பெரிய ஓவியங்கள். நீராவிப் படகுகள், சந்தை, வெள்ளம் என்று கட்டம் கட்டமாக நகரும் அந்தச் சுவரின் ஓரமாக நடந்தபோது, காலை முழுவதும் பிளாக் பிளாக்காகப் பார்த்துப் பழகிய கண் ஓவியத்தையும் அதே போலப் படிக்கத் தொடங்கியது. கூடத்திலேயே மாலை வரை இருந்திருந்தால் இந்த அனுபவம் எனக்குக் கிடைத்திருக்காது.

அடுத்து தேசியக் குயில்ட் அருங்காட்சியகம். 1991-இல் தொடங்கப்பட்டு, 2008-இல் அமெரிக்கக் காங்கிரஸின் அங்கீகாரத்தோடு தேசிய அருங்காட்சியகம் என்ற பெயரைப் பெற்றது. படூக்காக் கண்காட்சியின் முதன்மைப் பரிசு ஒரு கொள்முதல் பரிசு; அதாவது பரிசுத் தொகையைப் பெறும் குயில்ட் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் சேர்ந்துவிடும். கேரில் ப்ரையர் ஃபாலர்ட் 1989-இல் உருவாக்கிய ‘கரோனா 2: சோலார் எக்லிப்ஸ்’ இந்தத் தொகுப்பில்தான் இருக்கிறது. வெளிச்சம் துணியின் நிறத்தை வெளுக்கச் செய்யும் என்பதால் குயில்ட்டுகளை அவ்வப்போது இறக்கி மாற்றுகிறார்கள். ஆகவே ஒரு குறிப்பிட்ட குயில்ட்டைப் பார்ப்பதற்கென்றே போகிறீர்களென்றால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்திலுள்ள லோயர் டவுன் பகுதியையும் விட்டுவிடாதீர்கள். 2000-இல் நகராட்சி தொடங்கிய திட்டத்தின்படி, சிதிலமான பழைய வீடுகளைக் குறைந்த விலைக்கு வாங்கிச் சீரமைக்கக் கலைஞர்கள் வந்து குடியேறிய இடம் அது. படூக்காவை யுனெஸ்கோ 2013-இல் கைவினை, நாட்டுப்புறக் கலைக்கான படைப்பு நகரமாகச் சேர்த்ததற்கு இவையெல்லாம்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஏப்ரலில் அந்தத் தெருக்களில் டாக்வுட் மரங்கள் பூத்திருக்கும். வெள்ளை இதழ்கள் போலத் தெரிபவை உண்மையில் இதழ்கள் அல்ல, பூவடிச் செதில்கள். நடுவிலுள்ள சிறு பச்சைக் கொத்துதான் பூ. அருகில் போய்ப் பாருங்கள், துணியை வெட்டி மேலே வைத்துத் தைக்கும் அப்ளிக் வேலைக்கு வடிவம் ஒன்று தயாராக இருக்கிறது.

ஆற்றுக்கு அக்கரையில் இலினாய் மாநிலத்தின் மெட்ரோபொலிஸ் ஊரில் சூப்பர்மேன் சிலை இருக்கிறது. குழந்தைகளோடு வருபவர்கள் போகலாம். எனக்கு அதில் நாட்டமில்லை.

என் மனத்தை முழுதாகக் கொள்ளைகொண்டது மறுநாள் போன இடம். கென்டக்கி ஏரிக்கும் பார்க்லி ஏரிக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் காட்டுநிலம், ‘லேண்ட் பிட்வீன் தி லேக்ஸ்’. அதன் தெற்குப் பகுதியில், டென்னசி எல்லைக்குள், ‘ஹோம்பிளேஸ்’ என்ற 1850-களின் பண்ணை இருக்கிறது. படூக்காவிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடுகள், அந்தக் கால உடையணிந்து வேலை செய்பவர்கள். வீட்டுக்குள் ஒரு கட்டிலின் மேல் குயில்ட் விரித்திருந்தார்கள். சிறிய ஜன்னல் வழியே பக்கவாட்டில் விழுந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு தையலுக்கும் இடையில் துணி மேடு மேடாக எழுந்து நின்றது. கண்காட்சிக் கூடத்தில் மேலிருந்து அடிக்கும் விளக்கில் இந்த மேடு பள்ளம் பாதி அழிந்துவிடுகிறது. ஐசக் சிங்கர் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றதே 1851-இல்தான்; இப்படிப்பட்ட வீடுகளில் அப்போது ஊசியும் விரலும்தான் இருந்திருக்கும். படுத்து உறங்கும் பொருளாகவே பிறந்த ஒன்றைச் சுவரில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. கட்டிலில் கிடக்கும்போதுதான் ஓரங்கள் ஏன் அவ்வளவு அகலமாக இருக்கின்றன, நடுப்பகுதியில் ஏன் அந்தப் பெரிய வடிவம் வருகிறது என்பதெல்லாம் புரிகிறது: நடு வடிவம் மெத்தையின் மேல் அமர்கிறது, ஓரங்கள் பக்கங்களில் தொங்குகின்றன. அங்கே போகும் வழியில் 700 ஏக்கர் வேலிக்குள் எல்க் மான்களும் காட்டெருமைகளும் திரியும் புல்வெளி ஒன்று வரும். காரிலிருந்தபடியே சுற்றி வரலாம். நான் போனது காலை வேளை, எருமைகள் சாலையை மறித்துக்கொண்டு நின்றன, அவற்றுக்காகக் காத்திருந்ததில் எனக்கு வருத்தமில்லை.

இதையொட்டி அலபாமாவின் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அங்குள்ள கறுப்பினப் பெண்கள் தைத்த குயில்ட்டுகள் 2002-இல் ஹூஸ்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்ட பிறகு உலகப் புகழ் பெற்றன. 2006-இல் அஞ்சல்தலையிலும் வந்தன. ஆனால் அந்த ஊரைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள கேம்டனிலிருந்து படகில் ஏறித்தான் போக வேண்டும். அங்குள்ள கறுப்பின மக்கள் ஆற்றைக் கடந்து வாக்காளராகப் பதிவு செய்வதைத் தடுக்க 1962-இல் நிறுத்தப்பட்ட அந்தப் படகுச் சேவை, 2006-இல்தான் மீண்டும் தொடங்கியது. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிகிறது. படகில்லாத அந்த ஆண்டுகளில் அந்தக் கரைக்குப் போகச் சாலை வழியாக நெடுந்தூரம் சுற்ற வேண்டியிருந்தது. தேய்ந்த வேலைத் துணிகளைக் கிழித்துத் தைத்த அந்தக் குயில்ட்டுகளை இந்த ஆற்றைக் கடந்து போய்ப் பார்ப்பதற்கும் நகர அருங்காட்சியகத்தின் வெள்ளைச் சுவரில் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

விற்பனைக் கூடத்தைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. கடைசி நாள்தான் உள்ளே போனேன். ஃபேட் குவார்ட்டர் துண்டுகளில் எனக்கு மயக்கமில்லை. 18-க்கு 22 அங்குலத் துண்டுகளை அடுக்கடுக்காக வாங்கி வைத்தால் பின்துணிக்கு எதுவும் உதவாது. அகலமான பின்துணியாக, 108 அங்குலத்தில், ஒட்டுப்போடாமலே ஒரு முழுப் போர்வைக்குப் போதுமான ஆழ்நீலத் துணியைத் தேடினேன், கிடைத்தது. அடுத்த காணொளியில் அதை விரித்து, பேட்டிங்கோடு சேர்த்துத் தற்காலிகத் தையல் போடுவதைக் காட்டுகிறேன்.

அடுத்த பயணம் ஓரிகன் மாநிலத்தின் சிஸ்டர்ஸ் என்ற ஊர். 1975-இல் தொடங்கிய கண்காட்சி அது. ஜூலை மாத இரண்டாம் சனிக்கிழமை ஒரே ஒரு நாள், கூடமே இல்லாமல், ஊரின் கடைச் சுவர்களிலும் மாடித் தாழ்வாரங்களிலும் நூற்றுக்கணக்கான குயில்ட்டுகளைத் தொங்கவிடுவார்கள். காலையில் ஊர், மாலையில் மெக்கன்சி கணவாய். அங்கே எரிமலைக் குழம்புப் பாறைகளாலேயே கட்டிய டீ ரைட் காட்சிக் கூடம் இருக்கிறது. பனியால் அந்தச் சாலை குளிர்காலம் முழுவதும் மூடிக்கிடக்கும், ஜூலையில் திறந்திருக்கும். அங்கே விடுதியே வேண்டாம் என்று முடிவெடுத்து, கூடாரம் போட ஓர் இடத்தை ஏற்கெனவே பதிவு செய்துவிட்டேன். உங்களில் யாராவது வருவதாக இருந்தால் இப்போதே இடம் பிடியுங்கள், உறுதிக் கடிதத்தை அச்செடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.