கல்லூரி ஓரியண்டேஷனுக்குப் போகும் எல்லையோரப் பெற்றோருக்கு

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

பாலக்காடு மாவட்டத்து எல்லையோரச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், முதலமடைப் பக்கத்துப் பிள்ளைகளில் ஒரு பகுதி பாலக்காட்டிலேயே படிக்கிறது. இன்னொரு பகுதி வாளையாரைத் தாண்டிக் கோவைக்கோ, கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கோ போகிறது. எங்கே சேர்ந்தாலும் வகுப்பு தொடங்கும்போது பெற்றோரையும் கூப்பிட்டு ஓரியண்டேஷன் என்கிற அறிமுகக் கூட்டம் நடத்துகிறார்கள். விளக்கேற்றுகிறார்கள், முதல்வர் பேசுகிறார், துறைத்தலைவர்களை அறிமுகம் செய்கிறார்கள், மதியச் சாப்பாடு போடுகிறார்கள். நம்மில் பலர் கைகழுவியதும் பஸ் ஏறிவிடுகிறோம். தயவுசெய்து ஏறாதீர்கள். அலுவலகத்திலும் வகுப்பாசிரியரிடமும் விடுதியிலும் முடிக்க வேண்டியது சாப்பாட்டுக்குப் பிறகுதான் இருக்கிறது.

முதலில் பெயர். நம் பக்கத்துப் பிள்ளைகளை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். கேரள எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பெரும்பாலும் இனிஷியல் பெயருக்குப் பின்னால் வரும். ஆதாரில் அதையே விரித்து அப்பா பெயராகப் போட்டிருப்பார்கள். பாங்க் பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால் நிற்கும். நமக்கு மூன்றும் ஒரே பிள்ளை. கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். உதவித்தொகை விண்ணப்பமும், பாடங்களை முடித்ததற்கான கிரெடிட்டைச் சேர்த்துவைக்கிற 12 இலக்க ஏ.பி.சி. (அகாடமிக் பாங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) எண்ணும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நகரும். பெயர் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு ஆதாரை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், ஆகவே எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள். தவறு எஸ்.எஸ்.எல்.சி.யிலேயே இருந்தால் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் வழியாகக் கேரள அரசின் தேர்வு அலுவலகமான பரீட்சா பவனுக்கு எழுத வேண்டும், அது உடனே நடக்காது. அதுவரைக்கும் அட்சயா மையம் மூலம் வில்லேஜ் ஆபீசில், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்கிற சான்றிதழ் வாங்கிக் கையில் வைத்திருங்கள். இன்னொன்று: ஆதாரோடு இணைத்த நம்பர் உள்ள போனைக் கட்டாயம் கொண்டுபோங்கள். ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். அந்தப் போன் வீட்டில் அண்ணன் கையில் இருந்தால் அன்றைக்கு வேலை நடக்காது.

கேரளத்தில் பிளஸ் டூ முடித்துத் தமிழ்நாட்டில் சேர்கிற பிள்ளையிடம் மைக்ரேஷன் சர்டிபிகேட் கேட்பார்கள். டி.சி.யோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் மதிப்பெண் பட்டியலைக் கல்லூரி சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. 'இரண்டு நாள் இருக்கட்டும்' என்று சொன்னால், என்னென்ன கொடுத்தீர்கள் என்று பட்டியல் எழுதி, கையெழுத்தும் சீலும் வாங்காமல் நகராதீர்கள்.

அதே அறிவிப்பில்தான் பணத்தைத் திருப்பித் தரும் கணக்கும் இருக்கிறது. வேறு கல்லூரியில் இடம் கிடைத்துப் பிள்ளை மாறினால், சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் முழுப் பணமும் வரும். அதில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு, கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம். தேதி தாண்டி 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50, அப்புறம் ஒன்றும் இல்லை. பின்வந்த சில ஆண்டுகளில் யு.ஜி.சி. இதைவிடத் தாராளமான தேதிகளும் கொடுத்தது. இன்ஜினீயரிங் கல்லூரிகளுக்குத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி தனி. ஆகவே உங்கள் கல்லூரி அறிவித்த கடைசித் தேதி எது என்று அலுவலகத்தில் கேட்டு ரசீதின் பின்னால் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வருகைப்பதிவு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், தினமும் ரயிலில் போய்வருகிற பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பொதுவாக 75 சதவீதம் வேண்டும் என்பார்கள். 90 வேலைநாள் செமஸ்டரில் 22 நாள் விடுப்பு எடுக்கலாம் என்று நாம் கணக்குப் போட்டு நிம்மதியாகிவிடுகிறோம். கணக்கு நாளுக்கா, பாடத்துக்கா என்று கேளுங்கள். ஒரு பாடத்துக்கு வாரம் நான்கு வகுப்பு, அதில் இரண்டு முதல் மணி நேரத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ரயில் தாமதமாகி அந்த முதல் மணியைத் தொடர்ந்து தவறவிட்டால், ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளைக்கு அந்தப் பாடத்தில் 50 சதவீதம்தான் நிற்கும். பரீட்சை எழுத விடமாட்டார்கள். ஆகவே டைம்டேபிள் கைக்கு வந்ததும் ரயில் நேரத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வண்டி முன்னதாகப் போக முடியாது என்றால் விடுதியைப் பற்றி அன்றைக்கே யோசியுங்கள். ஓணத்துக்குக் கோவைக் கல்லூரியில் பத்து நாள் லீவு கிடையாது என்பதையும் பாட்டிமாருக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.

ரயில் என்றதும் ஒன்று. பட்டப்படிப்பு வரை பெண் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து கல்லூரிக்கு இரண்டாம் வகுப்பு மாதாந்திர சீசன் இலவசம். ஆண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்போடு அந்தச் சலுகை முடிந்தது. அதன் பிறகு மாணவர் சலுகைக் கட்டணம். இரண்டுக்கும் கல்லூரி முத்திரையிட்ட சான்று வேண்டும், அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

விடுதியில் அறையை மட்டும் பார்க்காதீர்கள். மெஸ் கட்டணம் மாதம் நிலையான தொகையா, செலவைத் தலைக்கு வகுக்கிற டிவைடிங் முறையா என்று கேளுங்கள். டிவைடிங் என்றால் மாதாமாதம் தொகை ஏறி இறங்கும். ஊருக்கு வந்தால் மெஸ் பணம் குறையுமா, குறைய எத்தனை நாள் தொடர்ந்து வராமல் இருக்க வேண்டும், யாரிடம் முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். இரவில் காய்ச்சல் வந்தால் யார் அழைத்துப் போவார் என்று வார்டனிடம் நேராகவே கேட்டு, அவர் நம்பரை நீங்களும் பிள்ளையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி இரண்டு உண்டு, ஒன்று மாணவருக்கு, ஒன்று பெற்றோருக்கு. ஒவ்வொரு கல்வியாண்டும் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1997லும் கேரளத்தில் 1998லும் தனிச் சட்டமே வந்துவிட்டது, எந்தப் பக்கம் படித்தாலும் பாதுகாப்பு உண்டு. 1800-180-5522 என்ற எண் 24 மணி நேரமும் இயங்கும், காசு கிடையாது. அதைப் பிள்ளையின் போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளிலும் எழுதிக் கொடுங்கள், போனைப் பிடுங்கிவைப்பதும் ராகிங்கில் நடக்கிறது.

இத்தனையையும் நீங்களே கேட்டு முடித்துவிடாதீர்கள். கவுண்டரில் பிள்ளையை முன்னால் நிறுத்துங்கள். விண்ணப்பத்தை அதுவே நிரப்பட்டும், கேள்வியை அதுவே கேட்கட்டும், விட்டுப்போனதை மட்டும் பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுங்கள். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை ஆங்கிலத்தில் திக்கினால் தமிழிலேயே கேட்கச் சொல்லுங்கள், பாலக்காட்டுக் கல்லூரி என்றால் மலையாளத்தில் கேட்கட்டும். வகுப்பாசிரியரிடம் போகும்போது முதல் இன்டர்னல் தேர்வு எந்த வாரம், ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் பள்ளிப் பாடத்தையும் கல்லூரிப் பாடத்தையும் இணைக்கிற பிரிட்ஜ் கோர்ஸ் உண்டா என்ற இரண்டையும் கேட்கச் சொல்லுங்கள். முதல் இன்டர்னலில் மதிப்பெண் குறைந்தால் அந்த ஆசிரியரைப் பார்க்கப் பிள்ளை தானாகப் போக வேண்டும். ஒருமுறை நேரில் பேசியிருந்தால் அப்போது தயங்காமல் போகும்.