பசித்த எலும்பு

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கிற ஓர் அம்மா. கழுத்தில் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "ரத்தத்துல கால்சியம் கூடிப்போச்சுன்னுதானே கழுத்துல கத்தி வச்சீங்க? இப்ப அதே மாத்திரையைக் கைநிறையக் குடுக்கிறீங்களே, டாக்டர்?"

நியாயமான கேள்வி. தைராய்டுக்குப் பின்னால் துவரம்பருப்பு அளவில் நாலு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால், எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்வது அவற்றின் வேலை. அதில் ஒன்று வீங்கி ஓயாமல் சுரந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், எலும்பு கரையும். 1925-இல் வியன்னாவில் ஃபெலிக்ஸ் மாண்டல் முதன்முதலாக இந்தக் கட்டியை அகற்றியது ஒரு டிராம் நடத்துநருக்கு. அவருக்கும் எலும்புதான் போயிருந்தது.

கட்டியை எடுத்ததும் அந்தச் சுரண்டல் நின்றுவிடும். வருஷக்கணக்காகப் பறிகொடுத்த எலும்பு, இப்போது ரத்தத்தில் இருக்கிற கால்சியத்தை வாரி இழுக்கும். 'பசித்த எலும்பு' என்றே இதற்கு மருத்துவத்தில் பெயர். பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் ரத்த அளவு அடிமட்டத்துக்கு இறங்கும். உதட்டைச் சுற்றி விறுவிறுப்பு, விரல் மதமதப்பு, கெண்டைக்கால் பிடிப்பு. அந்த அம்மா விரலைத் தேய்த்தது குளிருக்கு அல்ல! நம் ஊரில் எதற்கும் பனியைத்தான் பழி சொல்வோம். விறுவிறுப்பு வந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். கைவிரல் இழுத்துக்கொண்டால், விடியட்டும் என்று இருக்காமல் உடனே வண்டி பிடியுங்கள்.

கால்சியம் கார்பனேட் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள். அப்போதுதான் நன்றாகச் சேரும். தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். மூடுபனியும் ஸ்வெட்டருமாக இருக்கிற நமக்கு வெயில் படுவது குறைவு. அதனால் வைட்டமின் டி அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாலையும் கேழ்வரகுக் களியையும் பயந்து ஒதுக்க வேண்டாம். மாத்திரையை எப்போது குறைப்பது என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லும், பக்கத்து வீடு அல்ல.

எலும்பு அடர்த்தி ஏற ஒன்றிரண்டு வருஷமாகும். முதுகெலும்பிலும் இடுப்பிலும் நன்றாகவே ஏறும். அதுவரை விழாமல் இருப்பதுதான் பெரிய வைத்தியம். மறுமுறை வந்தபோது அந்த அம்மாவிடம் ஸ்கேனுக்கு முன்னால் வாசல்படியைத்தான் விசாரித்தேன். "பையன் பாசியைச் சுரண்டிட்டான், டாக்டர்," என்றார். "கைப்பிடிக்கு மூங்கில்கூடக் கட்டிட்டான்."